பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

நவீன்,

நாளை ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை ஏழு மணி ஆகும்போது உங்கள் ஊரில் சர்ச் முடிந்து மதியச் சாப்பாடும் முடிந்திருக்கும். உங்கள் மையத்து மாகுமாலோ அம்மாள் தன் சமையலறை மேசையில் உன் ஃபோனைச் சர்க்கரை டின்மேல் சாய்த்துவைத்து எனக்காகக் காத்திருப்பார். நீ இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கலாமா என்று என்னைக் கேட்பார். அவர் கேட்டபடி நான் சம்மதம் சொன்னால் நீ இருப்பாய். சொல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் உன்னை விமானம் ஏற்றிவிடுவார். வளர்ந்த பிள்ளைக்கு அப்பாவின் சம்மதம் எதற்கு என்று நானே வாதாடிப் பார்த்தேன். அந்த அம்மாள் அசையவில்லை. ஆக, நீ என்னிடம் திரும்பி வருவதும் வராததும் நாளைக் காலை நான் சொல்லப்போவதில் இருக்கிறது. இப்படி ஓர் அதிகாரம் என் கையில் இருந்து வெகு காலம் ஆகிறது. அதைக் கொஞ்சம் அனுபவித்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு அலுவலகத்துக்கு எழுதுவது போல ஆகிவிடுகிறது. உன் அம்மா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் மறந்திருக்காது. எழுத்துக்கூட்டிப் படி, அவசரம் ஒன்றும் இல்லை. முடித்ததும் இதை நம் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கும் கொடுக்கப்போகிறேன். இந்த ஊர்க்காரர்களும் படிக்கட்டும். ஒரு வருடமாக இவர்களிடம் நீ கேப் டவுனில் ஒரு மருத்துவ ஆராய்ச்சியில் டேட்டா வேலை பார்ப்பதாகச் சொல்லிவந்தேன். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது கேட்பார்கள், இந்தியக் கடையில் முருங்கைக்காயைப் பொறுக்கும்போது கேட்பார்கள். பாங்க் வேலையை விட்டுவிட்டுப் போய், டர்பனுக்கு வெளியே சூலு மக்கள் வாழும் ஓர் ஏழை டவுன்ஷிப்பில் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குச் சம்பளம் இல்லாமல் வேன் ஓட்டுகிறான், ரொட்டி இறக்குகிறான், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இரண்டு கேள்விதான் வரும். மதம் மாறிவிட்டானா என்பது ஒன்று. மனநிலை சரியில்லையா என்பது இன்னொன்று. இரண்டையும் இவர்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வார்கள். அதற்குக் கேப் டவுனே மேல் என்று இருந்தேன். போன மாதம் ஒருவர், "உங்க பையன் பண்ற ஃபெலோஷிப் லிங்க்கை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க சார், எங்க பொண்ணு அப்ளை பண்ணட்டும்" என்றார். கண்டிப்பாக அனுப்புகிறேன் என்றேன். அவர் இன்னும் காத்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் உன்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டவனே நான்தான். பத்தாம் வகுப்பில் உனக்குக் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சேவை மணிநேரம் வேண்டியிருந்தது. முதலில் கோயிலுக்குத்தான் அழைத்துப்போனேன். அங்கே ஒரு சாம்பார் கரண்டியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள், ஒவ்வொருவர் பின்னாலும் கையில் பேனாவோடு ஓர் அம்மா. நம் முறை வருவதற்குள் உனக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்று உன் அம்மா சிரித்தாள். அப்போதுதான் அலுவலகத்தில் ஒருவன் காப்பெல் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்ச் பற்றிச் சொன்னான். ஏழைகளுக்கு மளிகை கொடுக்கிறார்கள், ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள் என்றான். சனிக்கிழமைதோறும் உன்னை அங்கே இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் காரிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை. தேவையான மணிநேரம் முடிந்ததும், "போதும்டா, அடுத்த வாரத்துலேர்ந்து எஸ்ஏடி கிளாஸ்" என்றேன். நீ, "Appa, they're short on Saturday. I'll do both" என்றாய். சரி, கூடுதல் மணிநேரமும் விண்ணப்பத்தில் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கையெழுத்து கிடைத்ததும் சரியாக நின்றுவிட்டார்கள். எது எதற்காகச் செய்யப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருந்தது. உனக்கு அதை நான் சொல்லித்தரத் தவறிவிட்டேன்.

மதத்தைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, நம்பு. பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன் நான். தினமும் காலையில் நெற்றியில் விபூதியோடு நின்று, பரமண்டலத்தில் இருக்கிற பிதாவிடம் அன்றைய அப்பத்தைக் கேட்டிருக்கிறேன். அதனால் யாரும் என்னை மாற்றிவிடவில்லை. ஆனாலும் நீ போன புதிதில் ஃபோனில் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "டேய், உண்மையைச் சொல்லு. ஞானஸ்நானம் கினஸ்நானம் பண்ணிட்டாங்களா?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "Appa, nobody asked me anything. மாகுமாலோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. Can you reverse a van uphill?" எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் உன்னை மாற்றிவிடுவார்கள் என்று பயந்திருந்தால்கூடச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பார். உனக்கு அங்கே பிடித்துப்போய்விடுமோ என்பதுதான் என் பயம். அதற்கு யாரோடு சண்டை போடுவது?

சண்டை போடுவதில் நான் குறை வைப்பவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் நான் பேசாமல் இருப்பவர்களின் எண்ணிக்கை பேசுபவர்களைவிட அதிகம். "Appa, let it go" என்று நீ சொல்வாய். விட்டுவிட முடியாததையும் ஒரு முறை எழுதிவிடுகிறேன். நீ அப்போது ஆஸ்டினில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய், பாதிதான் உனக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கீமோ சிகிச்சை தொடங்கியதும் சுந்தர் அங்கிள் வீட்டு மாலதி ஆன்ட்டி முன்னே நின்று, யார் எந்த நாள் சாப்பாடு கொடுப்பது என்று ஆன்லைனில் பெயர் எழுத வைத்தார். வாசலில் ஒரு கூலர் பெட்டி வைத்தோம். தினமும் சாயங்காலம் ஒரு கார் வரும். சாம்பார், கூட்டு, சப்பாத்தி என்று கூலரில் வைத்துவிட்டு, "Dropped, take care" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தொற்று வந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான். முதல் வாரம் அம்மா ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். பிறகு சாப்பாடுதான் வந்துகொண்டிருந்தது, மனித முகத்தைக் காணோம். ஒரு நாள் என்னிடம், "இந்தக் கூலருக்குள்ள யாராவது உக்காந்து வந்தா தேவலை" என்றாள்.

அந்த வருடத் தீபாவளிக்கு சுந்தர் வீட்டில் வழக்கம்போலப் பார்ட்டி. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாம் போகாத தீபாவளி இல்லை. சுந்தரும் நானும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல். அவனைப் பார்த்துத்தான் இதே குடியிருப்பில், இரண்டு தெரு தள்ளி, நானும் வீடு வாங்கினேன். அந்த முறை நமக்கு அழைப்பு வரவில்லை. மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. அம்மா படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மாலதி கட்டியிருக்காளே மாம்பழ கலர், அது நான் செலக்ட் பண்ணது" என்றாள். அதிரசம் சரியாக வரவில்லை, விளிம்பு கருகியிருக்கிறது என்றாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "உங்க ஃபோன்ல மெசேஜ் ஏதாவது மிஸ் ஆயிருக்கா பாருங்களேன்" என்றாள். நான் பார்ப்பது போலப் பார்த்தேன். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

கூப்பிட்டால் அவள் வருத்தப்படுவாள், வர முடியாததை நினைத்து அழுவாள் என்று இரக்கப்பட்டுக் கூப்பிடாமல் விட்டார்களாம். வேறொருவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். நான் இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல நினைக்கும் புத்திமதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். நீ அங்கே நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறாய். வாசலில் வைத்துவிட்டு வராதே. அவர்கள் வர மாட்டார்கள் என்று தெரிந்தாலும் எல்லா விசேஷத்துக்கும் கூப்பிடு. வர முடியாது என்று சொல்லும் உரிமை அவர்களுடையது, அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாவுக்கு எல்லோரும் வந்தார்கள். காரியம் முடிந்த பிறகு சுந்தரோடு நான் பேசவில்லை. மூன்று வருடம் ஆகிறது. நம் குடியிருப்பில் தபால் பெட்டிகள் எல்லாம் தெருமுனையில் ஒரே வரிசையில் இருப்பதால் சந்திக்காமல் இருப்பது கடினம். அவன் கார் நின்றால் நான் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். நீயும் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினாய். விமான நிலையத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த அன்று, கராஜ் கதவு எனக்குப் பின்னால் இறங்கியதும் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கி உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அலுவலகமும் இப்போது வீட்டிலிருந்துதான். சில வாரங்களில் திங்கள் முதல் வெள்ளிவரை கணினியில் தெரியும் முகங்களைத் தவிர வேறு முகம் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போவது சாமிக்காகவா, கேன்டீனில் நாலு பேர் தமிழ் பேசுவதைக் கேட்கவா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "Appa, MaKhumalo wants to talk to you" என்றாய். சங்க மலர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே கல்யாணமான பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயருக்கு முன்னால் ஒரு 'மா' சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. நிறுவனத்தின் பிள்ளைகள் மையத்தை நடத்துவது இவர்தான். பருத்த உடம்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. பின்னால் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். திரும்பிப் பார்க்காமலே சூலு மொழியில் ஓர் அதட்டல் போட்டார், சத்தம் நின்றது. என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். அந்தப் பேச்சு என் காதில் நம் ஊர்ப் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

"நவீனோட அப்பா, நல்லா இருக்கீங்களா? உங்க பையன் வண்டி நல்லா ஓட்றான். சமையல் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. பருப்புன்னு ஏதோ வெச்சான், என் பானை போச்சு."

பானைக்கு வருந்துகிறேன் என்றேன்.

"பானை கிடக்கட்டும். இவன் இன்னும் ரெண்டு வருஷம் இங்கே இருக்கணும்ங்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவனுக்கு வயசு வந்தாச்சு மேடம். அவன் முடிவு" என்றேன். இந்த நாட்டில் நாம் எல்லோரும் கற்றுவைத்திருக்கும் பதில். பள்ளிச் சுற்றுலா அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது போலப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அவன் முடிவை அவன்கிட்ட கேட்டாச்சு. இப்போ உங்களைக் கேட்கிறேன். உங்க பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்லை."

"மாடியில?"

"இல்லை."

"அடுத்த வீட்ல?"

அடுத்த வீட்டுக்காரர் புல் வெட்டும்போது கையசைப்பார், பெயர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனுக்குக் கிட்டே வந்தார். "எங்க பக்கத்துல இந்த மாதிரி வார்த்தையை ஒருத்தர் தனியா உக்காந்து சொல்ல மாட்டாங்க. குடும்பத்துல ஓர் ஆள், இல்லாட்டி சிநேகிதர், பக்கத்துல உக்காந்து கேட்கணும். உங்க பையனுக்கு முன்னாடி இங்கே ஒரு பையன் இருந்தான், வேற நாட்டுக்காரன். அவனோட அப்பாவும் உங்களை மாதிரிதான், 'அவன் முடிவு'ன்னு சொன்னார். அந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே செத்துக்கிடந்தது யாருக்கும் தெரியலை. இங்கே இந்த மேசையில அந்தப் பையன் எனக்கு உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தான். அவனை நான்தான் இங்கே வெச்சிருந்தேன். இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன். அடுத்த ஞாயிறு கூப்பிடுங்க. பக்கத்துல ஓர் ஆளோட கூப்பிடுங்க. அந்த ஆள்கிட்டயும் நான் பேசணும். இல்லேன்னா பையன் வீட்டுக்கு வந்துடுவான்."

ஃபோனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் இந்த அம்மாள், என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கணக்குக் கேட்க? கோபம் தணிந்த பிறகு வேறொன்று புரிந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்த ஊரில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லை. உன் மாமா பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறார். பக்கத்தில் உட்காருவதற்காக விமானம் ஏறி வரச் சொல்ல முடியாது. கோயில்காரர்களிடம் கேப் டவுன் கதை சொல்லியாயிற்று. நாளைக்கு ஃபோனை எடுத்து, "யாரும் இல்லை" என்று உண்மையைச் சொன்னால் போதும். நான் சம்மதம் மறுத்ததாகவும் இருக்காது. என்மேல் உனக்கு வருத்தமும் வராது. அவரே உன்னை அனுப்பிவிடுவார். இந்த வாரம் முழுவதும் உன் அறைக்குப் புது விரிப்பு, புது விளக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை கடைக்குப் போய் விரிப்பு வாங்கியும்விட்டேன்.

இன்று மதியம் இதுவரை எழுதிவிட்டு, நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். சமையலறையில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தில், வாய்விட்டு. "I have nobody here." இன்னொரு முறை, குரலைக் கொஞ்சம் இறக்கி. கேட்க நன்றாக இருந்தது. யாருக்கும் மனம் இளகும். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இரக்கப்பட்டு எங்களைக் கூப்பிடாமல் விட்டவர்கள்மேல் மூன்று வருடமாகக் கோபத்தில் இருப்பவன், இரக்கத்தைக் காட்டி உன்னைக் கூப்பிட ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீயும் வருவாய். வந்து அந்தப் புது விரிப்பில் படுத்துக்கொண்டு, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

தபால் எடுக்கப் போவது போல வெளியே கிளம்பினேன்.

இப்போது சாயங்காலம். திரும்பி வந்துதான் மீதியை எழுதுகிறேன்.

சுந்தர் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலை ஸ்பானரால் முறுக்கிக்கொண்டிருந்தான். முடி மொத்தமும் வெளுத்துவிட்டது. டிரைவ்வேயின் முனையில் நின்றேன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், அட்ரஸ் தெரிஞ்சுதா? ஜிபிஎஸ் போட்டுக்கிட்டா வந்த?"

"நவீன் விஷயமா வந்தேன்."

"யாரு, கேப் டவுன்ல பெரிய ரிசர்ச் பண்றானே, அந்த நவீனா?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "டேய், அவன் மாசா மாசம் மாலதிக்கு ஃபோட்டோ அனுப்பறான்டா. வேன், பசங்க, அந்தக் குண்டம்மா எல்லாரையும் எங்களுக்குத் தெரியும். கோயில் கேன்டீன்ல தோசை போடறவருக்குக்கூடத் தெரியும். நீ கஷ்டப்பட்டுக் கதை சொல்றியேன்னு எல்லாரும் தலையாட்டிக்கிட்டு இருந்தோம்."

லிங்க் கேட்டவருக்குமா என்றேன். "அவரு ஒருத்தருக்குத் தெரியாது" என்றான். எனக்கு முகம் எரிந்தது. "மறுபடியும் அதே வேலை. எனக்கு நல்லது பண்றதா நினைச்சு எங்கிட்டயே மறைக்கிறது. அதுல நீங்க ரெண்டு பேரும் பிஎச்டி வாங்கினவங்க" என்றேன். மாலதி உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவில் நின்றார். வந்த வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "அன்னிக்குத் தீபாவளிக்கு ஏன் கூப்பிடலை?"

சுந்தர் ஸ்பானரைப் பார்த்தான். மாலதிதான் சொன்னார். "பயமா இருந்துச்சுண்ணா. அவ வந்துட்டா என்ன பேசறதுன்னு தெரியலை. அவ்ளோதான். வேற எதுவும் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்."

"அவ படத்தையெல்லாம் பார்த்தா" என்றேன். "உன் புடவையைப் பார்த்தா." மாலதி உள்ளே போய்விட்டார்.

சுந்தர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு என்னை அதில் உட்காரச் சொன்னான். ஆடியது. "நான் உன் வீட்டுக்கு வந்தேன்டா, காரியம் முடிஞ்ச மாசம். நீ திறக்கலை. டோர்பெல் கேமரால என்னைப் பார்த்துக்கிட்டு உள்ளேயே இருக்கேன்னு எனக்குத் தெரியும். அதான் கேமராவைப் பார்த்தே பேசிட்டுப் போனேன்."

அது உண்மை. மாடியில் உட்கார்ந்து ஃபோனில் அவன் முகத்தைப் பார்த்தேன். கிட்டத்தில் மீன் முகம் போல வளைந்து தெரிந்தது, வாய் அசைந்துகொண்டே இருந்தது. "சவுண்ட் ஆஃப்ல வெச்சிருந்தேன்" என்றேன்.

"அடப்பாவி. பத்து நிமிஷம் பேசினேனே!"

"என்ன பேசின?"

"இப்போ எதுக்கு? மறந்து போச்சு." மறந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. மறுபடி கேட்கவில்லை. மாகுமாலோ சொன்னதைச் சொன்னேன். வீட்டுக்குள் செத்துக்கிடந்த மனிதரைப் பற்றியும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"எத்தனை மணிக்கு?"

"காலைல ஏழு."

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கா? அந்தம்மா உண்மையிலேயே கிறிஸ்டியனா?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வந்து உக்காரறேன். ஆனா அவங்க எங்கிட்ட, இந்தாளை நீ அடிக்கடி போய்ப் பார்த்துக்குவியான்னு கேட்பாங்க. நான் ஆமான்னு சொல்லணும். பொய் சொல்லச் சொல்றியா, இல்ல கதவைத் திறப்பியா?" என்று கேட்டான்.

நீ என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்காக இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனை நான் மன்னித்துவிடவில்லை. இன்றும் அந்தப் படங்கள் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்வேன். அவன் வந்து என் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பதை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்று எழுந்து வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீ இந்த மாதக் கடைசியில் வந்திருப்பாய்.

"திறக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தை வருவதற்கு அத்தனை நேரம் பிடித்தது. "பேசுவேன்னு சொல்லலை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"நீ பேச வேண்டாம். நான் பேசிக்கறேன். காபிப்பொடியாவது இருக்கா, இல்ல அதையும் நான் கொண்டுவரணுமா?"

ஆகவே நாளைக் காலை அந்த அம்மாள் என் முகத்துக்குப் பக்கத்தில் சுந்தர் அங்கிளின் முகத்தையும் பார்ப்பார். கேட்பார். நான் சரி என்பேன். முழு மனதோடா என்று கேட்டால் இல்லை என்றும் சொல்வேன். அவரிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது என்று ஒரு முறை பேசியதிலேயே தெரிந்துகொண்டேன். நீ அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். எனக்கு மகிழ்ச்சி என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சம்மதம், அவ்வளவுதான். குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள். மலையில் வேனைப் பின்னால் எடுக்கும்போது பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று இறங்கிப் பார்த்துவிட்டு எடு. பருப்பை முதலில் ஊறவை, அடுப்பைக் குறை.

எனக்கு உன்னைத் திரும்பக் கூப்பிட ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. இங்கே என்னைப் பார்க்க யாரும் இல்லை என்பது. இன்று சாயங்காலம் இரண்டு தெரு நடந்து போய் அதையும் நானே இல்லாமல் செய்துவிட்டு வந்திருக்கிறேன். இனி உன்னை வா என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஒரு காரணமும் இல்லாமல் ஒரு நாள் வா.

அப்பா